பாஸ்வேர்டு முதலாளிக்கும் தெரியக் கூடாது

சேலத்துச் சின்ன அலுவலகங்களில் ஓடுகிற மென்பொருள்கள் பெரும்பாலும் உள்ளூர் ஆட்கள் எழுதிக் கொடுத்தவை. செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் வெள்ளி கொடுத்து வாங்கும் கணக்கு, லீ பஜார் மண்டியில் வரவு செலவு, ஜவ்வரிசி ஆலையில் கிழங்கு எடை, ஏற்காட்டுக் காப்பி எஸ்டேட்டில் ஆள் கூலி. ஐந்து பேர், பத்துப் பேர் உபயோகிக்கிற அளவுதான். விபி6-ல் (விஷுவல் பேசிக் 6) எழுதி ஆக்ஸஸ் கோப்பில் தகவலை வைப்பது ஒரு வகை. ஜாம்ப் என்ற சர்வர் தொகுப்பைப் போட்டு பிஎச்பி, மைஎஸ்க்யூஎல்லில் ஓட்டுவது இன்னொரு வகை. எதைத் திறந்தாலும் யூசர் டேபிளில் பெயர், பாஸ்வேர்டு, ரோல் என்று மூன்று ஃபீல்டு இருக்கும். பாஸ்வேர்டு ஃபீல்டில் வண்டி நம்பர், செல் நம்பர், குலதெய்வம் பெயரோடு ஒரு 123. எல்லாமே படித்தால் அப்படியே புரிகிற மாதிரி.

"பத்துப் பேர் இருக்கற ஆபீஸை எவனுங்க ஹேக் பண்ணப் போறான்?" என்று கேட்பார்கள். ஹேக் பண்ண யாரும் வர வேண்டாம். டேட்டாபேஸ் தினமும் தானாகவே வெளியே போகிறது. ராத்திரி கடை சாத்தும்போது எடுக்கிற பென்டிரைவ் பேக்கப், ஆடிட்டர் ஆபீசுக்குப் போன காப்பி, 'எரர் பார்க்கணும்' என்று சர்வீஸ் ஆள் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு போனது, எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்ட பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க். இதில் ஏதாவது ஒன்று கைமாறினால் கணக்கு வெளியே தெரிவது ஒரு நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம் அங்கே வேலை செய்கிறவர்களுக்கு. பில் போடுகிற பெண் ஆபீசில் வைத்த பாஸ்வேர்டையேதான் ஜிமெயிலுக்கும் நெட் பேங்கிங்குக்கும் வைத்திருப்பார். உங்கள் டேபிளில் கிடப்பது உங்கள் மென்பொருளின் சாவி மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

சட்டமும் இதை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011-ல் வந்த விதிகள், கவனமாகக் கையாள வேண்டிய தனிநபர்த் தகவல் எவை என்று பட்டியல் போடும்போது முதலில் சொல்வதே பாஸ்வேர்டைத்தான். 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான பாதுகாப்பு செய்யாமல் விட்டதற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அது உச்சவரம்பு. ஆனாலும் முதலாளியிடம் பேசும்போது இந்த ஒரு எண் நிறைய வேலை செய்யும்.

ஆக, முழு டேட்டாபேஸும் ஒரு அந்நியன் கையில் கிடைத்தாலும் அதிலிருந்து ஒருவருடைய பாஸ்வேர்டைக்கூட எடுக்க முடியாத மாதிரி வைக்க வேண்டும். எழுதிக் கொடுத்த புரோகிராமராலும் எடுக்க முடியக் கூடாது, முதலாளியாலும் எடுக்க முடியக் கூடாது.

முதலாளி கேட்பது என்ன

தொழில்நுட்பத்தைவிட இந்த இடத்தில்தான் வேலை அதிகம் தடைபடும். "தம்பி, பையன் லீவு போட்டுட்டா அவன் போட்ட பில்லை நான் எப்படிப் பார்க்கறது? லிஸ்ட்டு எனக்கு மட்டுமாச்சும் தெரியற மாதிரி வைங்க" என்பார். இதைக் கேட்டுவிட்டு 'வியூ பாஸ்வேர்டு' என்று ஒரு பட்டன் வைத்துக் கொடுத்தால் கதை முடிந்தது. அந்தப் பட்டன் வேலை செய்ய வேண்டுமென்றால் பாஸ்வேர்டு எங்கோ ஓரிடத்தில் படிக்கிற வடிவில், அல்லது திரும்ப எடுக்கிற வடிவில் இருந்தாக வேண்டும்.

அவருக்கு உண்மையில் வேண்டியவற்றைப் பிரித்துப் பாருங்கள். ஊழியர் போட்ட பில்லைப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் திருத்த வேண்டும், மறந்துவிட்டால் உள்ளே விட வேண்டும், வேலையை விட்டுப் போனால் அன்றைக்கே கதவை அடைக்க வேண்டும். இந்த நான்குக்கும் பாஸ்வேர்டு தேவையே இல்லை. முதல் இரண்டுக்கு அவருடைய சொந்த லாகினில் எல்லா பில்லையும் திறக்கும் அதிகாரம் போதும். மூன்றாவதற்கு ரீசெட். நான்காவதற்கு யூசர் டேபிளில் 'நடப்பில் உள்ளது' என்று ஒரு ஆம்/இல்லை ஃபீல்டு. ஆளையே அழித்துவிடக் கூடாது. அவர் போட்ட பழைய பில்கள் அநாதையாகிவிடும்.

இதையும் மீறி அடம் பிடித்தால் வெள்ளிக்காரர்களுக்குப் புரிகிற ஒரு கேள்வி இருக்கிறது. பட்டறைக்குக் கொடுத்த வெள்ளி எடையில் 40 கிராம் குறைத்து ஒரு என்ட்ரி திருத்தப்பட்டிருக்கிறது, லாக்கில் கணக்குப்பிள்ளை பெயர் இருக்கிறது. அவர் பாஸ்வேர்டு முதலாளிக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும் என்றால் "நான் பண்ணலைங்க" என்று அவர் சொல்வதை எதை வைத்து மறுப்பீர்கள்? லிஸ்ட் வைத்திருக்கிற ஆள்மேலேயே சந்தேகம் திரும்பும். இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து 'ஆபரேட்டர்' என்று ஒரே லாகின் வைத்திருக்கும் கடைகளில் முதலில் அதைப் பிரிப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

மறைப்பதற்கும் அரைப்பதற்கும் உள்ள தூரம்

பழைய விபி6 புரோகிராம்களில் ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று கூட்டி, திருப்பிப் போட்டு சேமிக்கும் வித்தை அடிக்கடி கண்ணில் படும். பேஸ்64-ம் உண்டு. இரண்டும் பார்வைக்கு மறைப்பு, அவ்வளவுதான். கொஞ்சம் தெரிந்தவர்கள் ஏஇஎஸ் போட்டு என்கிரிப்ட் (சாவி இருந்தால் திரும்ப எடுக்கிற மாதிரி பூட்டுவது) செய்திருப்பார்கள். சாவி அதே புரோகிராமுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். டேட்டாபேஸை எடுத்தவன் புரோகிராமையும் சேர்த்தே எடுத்திருப்பான். பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. அடோபியிலிருந்து 2013-ல் வெளியான பாஸ்வேர்டுகள் ஹேஷ் (திரும்ப எடுக்க முடியாதபடி அரைப்பது) செய்யப்படாமல் என்கிரிப்ட் செய்யப்பட்டவை. ஒரே பாஸ்வேர்டு வைத்த எல்லோருக்கும் ஒரே குறியீடு வந்தது. கூடவே 'ஹின்ட்' வாசகங்கள் வெளிப்படையாகக் கிடந்தன. ஒருவர் எழுதிய ஹின்ட் அதே குறியீடு உள்ள எல்லோரையும் காட்டிக்கொடுத்தது.

சேமிக்க வேண்டியது ஹேஷ். பாஸ்வேர்டிலிருந்து ஹேஷுக்குப் போகலாம், ஹேஷிலிருந்து திரும்ப வர முடியாது. லாகின் செய்யும்போது அடித்ததை மறுபடியும் ஹேஷ் செய்து, சேமித்ததோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறோம்.

எம்டி5-ம் ஷா-256-ம் ஹேஷ்தானே என்றால், ஆமாம். அவற்றின் கோளாறு வேகம். ஆர்டிஎக்ஸ் 4090 என்ற ஒரே ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வினாடிக்குச் சுமார் 16,400 கோடி எம்டி5 ஹேஷ் போடும். இதை நம் ஊர்ப் பழக்கத்தோடு வைத்துப் பாருங்கள். செல் நம்பரைப் பாஸ்வேர்டாக வைப்பவர்கள் நிறைய. 6, 7, 8, 9-ல் தொடங்கும் பத்து இலக்க எண்கள் மொத்தமே 400 கோடி. எம்டி5 என்றால் கண் சிமிட்டுவதற்குள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம். அதே கார்டு, வேண்டுமென்றே மெதுவாக ஓடும் பிக்ரிப்ட் என்ற ஹேஷ் முறையில், எவ்வளவு மெதுவாக என்று சொல்லும் காஸ்ட் எண்ணை 12 வைத்தால், வினாடிக்கு ஏறக்குறைய 1,400 தான் போடும். 400 கோடிக்கு 33 நாள் ஆகும், அதுவும் ஒரு ஆளுக்கு. அடுத்த ஆளுக்கு மறுபடி முதலிலிருந்து.

வண்டி நம்பருக்குக் கணக்கு இவ்வளவு நன்றாக வராது. டிஎன்30 என்று தொடங்கி இரண்டு எழுத்து, நான்கு எண் என்றால் 67,60,000 வாய்ப்பு. பிக்ரிப்ட்டுக்கும் அது 80 நிமிட வேலை. பிறந்த தேதி எட்டு இலக்கமாக என்றால் நூறு வருஷத்துக்கும் சேர்த்து 36,525 தான். அரை நிமிடம்கூட ஆகாது. செல் நம்பரிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஊழியர் டேபிளில் அவரவர் செல் நம்பர் பக்கத்திலேயே இருக்கும். திருடுகிறவன் 400 கோடியைத் தேட மாட்டான், அந்த ஒன்றைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பான். நல்ல ஹேஷ் மோசமான பாஸ்வேர்டைக் காப்பாற்றாது. அதனால் புதுப் பாஸ்வேர்டு வைக்கும் படிவத்திலேயே ஊழியரின் பெயர், செல் நம்பர், பிறந்த தேதி, கடைப் பெயர், வண்டி நம்பர் அமைப்பு இவற்றைத் தடுத்துவிடுங்கள். 'சேலம்123', 'ஏற்காடு', 'ஓம்முருகா' போன்றவை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதப்படுமோ அத்தனையும் ஒரு தடைப்பட்டியலில் போகட்டும். பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று என்று கட்டாயப்படுத்துவதில் பலன் குறைவு. எல்லோரும் முதல் எழுத்தைப் பெரிதாக்கி கடைசியில் @123 போடுவார்கள். 12 எழுத்துக்குக் குறையாமல் கேளுங்கள். மாதாமாதம் மாற்றச் சொல்லாதீர்கள். ஜனவரி, பிப்ரவரி என்று பின்னால் ஒட்டிக்கொண்டே போவார்கள். அமெரிக்க என்ஐஎஸ்டி அமைப்பின் வழிகாட்டுதலும் இந்த இரண்டு கட்டாயத்தையும் வேண்டாம் என்றே சொல்கிறது.

ஒவ்வொரு ஆளுக்கும் தனியாகக் கலக்கிற ஒரு ராண்டம் துண்டுக்கு சால்ட் என்று பெயர். இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்டு வைத்தாலும் ஹேஷ் வேறு வேறாக வருவது அதனால்தான். யூனிக்ஸ் காலத்திலேயே, 1979-ல் மாரிஸும் தாம்ப்சனும் எழுதிய கட்டுரையில் இது விளக்கப்பட்டுவிட்டது. அப்படியும் 2012-ல் லிங்க்ட்இன்னிலிருந்து வெளியானவை சால்ட் இல்லாத ஷா-1 ஹேஷ்கள். சால்ட்டை நீங்களாக உருவாக்கிச் சேர்க்க வேண்டாம். நல்ல நூலகங்கள் தானே உருவாக்கி, ஹேஷுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும்.

எதை எடுப்பது, எவ்வளவு வைப்பது

பிஎச்பி என்றால் பேச்சே இல்லை: பாஸ்வேர்டு_ஹேஷ் ஃபங்ஷன். 2013-ல் வந்த 5.5 பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. இயல்பாக பிக்ரிப்ட்தான் எடுக்கும். காஸ்ட் முன்பு 10 ஆக இருந்தது, 8.4 பதிப்பில் 12 ஆக்கிவிட்டார்கள். வெளிவருவது 60 எழுத்து. '$2ஒய்$12$' என்று ஆரம்பிக்கும்: முதல் துண்டு முறை, அடுத்தது காஸ்ட், அதற்குப் பின் 22 எழுத்து சால்ட், மீதி 31 எழுத்து ஹேஷ். சரிபார்க்க பாஸ்வேர்டு_வெரிஃபை. காஸ்ட்டை ஒன்று கூட்டினால் நேரம் இரட்டிக்கும். எந்த எண் வைப்பது என்று ஊகிக்காமல், சர்வராக ஓடும் அந்த ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே அளந்து, ஒரு லாகினுக்குக் கால் வினாடியிலிருந்து அரை வினாடிக்குள் வருகிற எண்ணை வையுங்கள். 10-க்குக் கீழே மட்டும் போகாதீர்கள். டெவலப்பரின் புது லேப்டாப்பில் அளந்து 14 வைத்துவிட்டு, கடையின் பழைய டூயல் கோர் மெஷினில் காலை பத்து மணிக்கு எல்லோரும் ஒன்றாக லாகின் செய்யும்போது திணறுவதைப் பார்க்கலாம்.

2015-ல் பாஸ்வேர்டு ஹேஷிங் போட்டியில் வென்ற ஆர்கான்2 இன்னும் நல்லது. நேரத்தோடு மெமரியையும் பிடித்துக்கொள்வதால் கிராஃபிக்ஸ் கார்டுகளுக்குச் சிரமம். ஆர்கான்2ஐடி வகையில் 19 எம்பி மெமரி, 2 சுற்று, 1 இழை என்பது மென்பொருள் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் சொல்லும் குறைந்தபட்ச அளவு. ஆனால் எல்லா பிஎச்பி நிறுவலிலும் அது சேர்ந்து வராது. சின்ன ஆபீசுக்கு பிக்ரிப்ட் தாராளம். ஆர்கான்2 போட முடியாததால் வேலையையே தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை.

டாட்நெட், ஆக்ஸஸ் ஆட்களுக்குக் கைக்கெட்டுவது பிபிகேடிஎஃப்2, ஒரு ஹேஷையே பல சுற்று திரும்பத் திரும்ப ஓட்டும் முறை. ஷா-256-ஓடு 6,00,000 சுற்று வையுங்கள். டாட்நெட்டின் ஆர்எஃப்சி2898டெரைவ்பைட்ஸ் கிளாஸில் பழைய கன்ஸ்ட்ரக்டரை அழைத்தால் ஷா-1, வெறும் 1,000 சுற்று என்று தானே எடுத்துக்கொள்ளும். இரண்டையும் வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும். ஆக்ஸஸுக்குள் இருக்கும் விபிஏவில் சொந்தமாக லூப் போட்டு எழுதினால் இத்தனை சுற்று முடிவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். விண்டோஸ் 7 முதல் விண்டோஸின் உள்ளேயே பிபிகேடிஎஃப்2 ஃபங்ஷன் இருக்கிறது, அதை டிக்ளேர் செய்து அழையுங்கள். அது இருக்கும் கோப்பின் பெயர் பிக்ரிப்ட்.டிஎல்எல். பெயரைப் பார்த்து பிக்ரிப்ட் முறைதான் போட்டிருக்கிறோம் என்று எண்ணிவிடாதீர்கள். அது மைக்ரோசாஃப்டின் பொதுவான குறியாக்க நூலகம். அங்கே சால்ட்டை நாம்தான் தர வேண்டும்: 16 பைட், சிஸ்டத்தின் பாதுகாப்பான ராண்டம் ஃபங்ஷனிலிருந்து. விபியின் ஆர்என்டி இதற்கு ஆகாது. அடுத்து என்ன எண் வரும் என்று கணிக்க முடியும். முறை, சுற்று, சால்ட், ஹேஷ் நான்கையும் சேர்த்தே சேமியுங்கள், பின்னால் சுற்றைக் கூட்ட அது வேண்டும்.

தமிழில் பாஸ்வேர்டு வைப்பவர்களுக்காக ஒரு விஷயம். பிக்ரிப்ட் முதல் 72 பைட்டை மட்டுமே பார்க்கும். ஆங்கில எழுத்து ஒரு பைட், யுடிஎஃப்-8ல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். 'கொலுசு' கண்ணுக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கு க, ொ, ல, ு, ச, ு என்று ஆறு குறி, 18 பைட். நான்கு முறை 'கொலுசு' என்று அடித்தால் 72 பைட் முடிந்தது. அதற்குப் பின்னால் 123 போட்டாலும் 999 போட்டாலும் ஒன்றுதான், உள்ளே விட்டுவிடும். எனவே 72 பைட்டுக்கு மேல் போனால் படிவத்திலேயே 'நீளம் அதிகம்' என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள். பிஎச்பியில் எஸ்டிஆர்லென் பைட்டை எண்ணும், எம்பி_எஸ்டிஆர்லென் குறிகளை எண்ணும். இங்கே முதலாவதுதான் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 'கொ' என்பதை ககரத்தோடு ஒரே ஒகரக் குறி சேர்த்தும் எழுதலாம், ககரம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ஹேஷ் முற்றிலும் வேறு. ஆபீஸ் கீபோர்டில் வைத்த பாஸ்வேர்டு செல்போனில் ஏறவில்லை என்ற புகாருக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஹேஷ் செய்வதற்கு முன், பிரித்து எழுதியதை ஒரே குறியாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிடுங்கள். டாட்நெட்டில் நார்மலைஸ் மெத்தட் இருக்கிறது; பிஎச்பியில் நார்மலைசர் கிளாஸுக்கு இன்ட்ல் எக்ஸ்டென்ஷன் இயங்க வேண்டும். வைக்கும்போதும் சரிபார்க்கும்போதும் இரண்டு இடத்திலும் செய்ய வேண்டும்.

பழைய டேபிளை மாற்றும் நாள்

புதிதாக எழுதுவது சுலபம். ஓடிக்கொண்டிருப்பதை மாற்றும்போதுதான் கை சுடும்.

முதலில் ஃபீல்டின் நீளம். பழைய பாஸ்வேர்டு ஃபீல்டையே உபயோகிக்காமல் 255 எழுத்துக்குப் புதிதாக ஒன்று சேருங்கள். ஆக்ஸஸ் 2003-ல் டெக்ஸ்ட் ஃபீல்டின் இயல்பு நீளம் 50. அறுபது எழுத்து ஹேஷ் அதில் அடங்காது. பழைய மைஎஸ்க்யூஎல்லில் ஸ்ட்ரிக்ட் மோட் இல்லாவிட்டால் அதிகமுள்ள பத்தெழுத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். மறுநாள் காலை ஒருவராலும் உள்ளே நுழைய முடியாது.

அடுத்து, இருக்கிற பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஹேஷ் செய்யுங்கள். 'அடுத்த முறை லாகின் செய்யும்போது மாறட்டும்' என்று விட்டால் வருஷக் கடைசியில் மட்டும் வரும் ஆளின் பாஸ்வேர்டு அப்படியே கிடக்கும். ஏற்கெனவே எம்டி5 ஆக இருந்தால் அந்த எம்டி5-ஐ ஹெக்ஸ் வடிவிலேயே பிக்ரிப்ட்டுக்குக் கொடுத்து மேலே ஒரு உறை போட்டுவிட்டு, ஒரு அடையாள ஃபீல்டில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் லாகின் செய்யும் நாளில் அடித்த பாஸ்வேர்டை நேரடியாக ஹேஷ் செய்து மாற்றிவிடலாம்.

லாகின் குவெரி மாற வேண்டும். பெயரும் பாஸ்வேர்டும் ஒத்துப்போகிற வரியைத் தேடுவது பழைய வழி. அதில் பாஸ்வேர்டு பெட்டியில் ' ஆர் '1'='1 என்று ஆங்கிலத்தில் அடித்தாலே கதவு திறந்துவிடும் பிரச்சினையும் கூடவே வரும். புதிய வழியில் பெயரை மட்டும் வைத்து, பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டில் (அடித்ததைக் கட்டளையோடு கலக்காமல் தனியாகக் கொடுப்பது), ஒரு வரியை எடுத்து வாருங்கள். ஹேஷ் ஒப்பீட்டை புரோகிராமில் செய்யுங்கள். எஸ்க்யூஎல்லில் ஒப்பிட்டால் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று என்று பல கொலேஷன்கள் (எழுத்துகளை ஒப்பிடும் விதிகள்) சொல்லிவிடும்.

இதே காரணத்தால் மாற்றிய மறுநாள் போன் வரும்: "நேத்து வரைக்கும் ஏறுன பாஸ்வேர்டுங்க, இன்னைக்குத் தப்புங்குது." ஆக்ஸஸ் மாட்யூல்களின் தலையில் 'ஆப்ஷன் கம்பேர் டேட்டாபேஸ்' என்ற வரி தானாகவே வந்து உட்கார்ந்திருக்கும். அது இருக்கும்வரை பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்கப்படாது. கேப்ஸ் லாக் போட்டபடியே வருஷக்கணக்காக லாகின் செய்தவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. மைஎஸ்க்யூஎல்லிலும் கடைசியில் இருக்கும் இடைவெளியைப் பல கொலேஷன்கள் கண்டுகொள்வதில்லை. ஹேஷுக்கு இந்தத் தாட்சண்யம் எல்லாம் கிடையாது. முன்கூட்டியே சொல்லி, அன்று ரீசெட் செய்து கொடுக்க ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தின் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் நாட்கள். அதை ஒட்டி இந்த வேலையை வைக்காதீர்கள்.

பழைய ஃபீல்டைக் காலி செய்து, பிறகு நீக்குங்கள். நீக்கியதும் கோப்பில் எழுத்துகள் போய்விடாது. ஆக்ஸஸில் காம்பாக்ட் அண்ட் ரிப்பேர் ஓட்டுங்கள், மைஎஸ்க்யூஎல்லில் ஆப்டிமைஸ் டேபிள். மைஎஸ்க்யூஎல் 8-ல் மாற்றங்களையெல்லாம் பதியும் பைனரி லாக் இயல்பாகவே ஓடும், 30 நாள் வைத்திருக்கும். நீங்கள் காலி செய்த வரியின் பழைய உருவம் அதில் பத்திரமாக இருக்கும். அதையும் பர்ஜ் செய்யுங்கள். மாற்றுவதற்கு முன் எடுத்த பேக்கப்பும் இதே கணக்கில்தான் சேரும். ஒரு வாரம் எல்லாம் ஓடுகிறது என்று தெரிந்ததும் அழித்துவிட்டு, எல்லோரையும் புதுப் பாஸ்வேர்டு வைக்கச் சொல்லுங்கள். ஏனெனில் பழையவை எத்தனை பென்டிரைவில் இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது.

மலையில் ரீசெட்

நகரத்தில் ரீசெட் என்றால் ஓடிபி என்று எழுதிவிடுவார்கள். ஏற்காட்டு எஸ்டேட் ஆபீசில் மழை நாளில் டவரும் இருக்காது, நெட்டும் இருக்காது. பழம் பறிக்கிற காலத்தில் சனிக்கிழமை கூலிப் பட்டுவாடாவை ஓடிபி வரும்வரை நிறுத்திவைக்க முடியாது. ரீசெட் உள்ளூர் நெட்வொர்க்கிலேயே முடிய வேண்டும்.

மேனேஜர் தன் லாகினில் 'ரீசெட்' அழுத்துகிறார். புரோகிராம் பத்து எழுத்தில் ஒரு தற்காலிகப் பாஸ்வேர்டைத் திரையில் ஒரே ஒருமுறை காட்டுகிறது. அதில் பூஜ்யம், ஓ, ஒன்று, ஐ, எல் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்கும்போது குழப்பமே இவற்றால்தான். டேபிளில் அதன் ஹேஷ் மட்டும் போகும். 24 மணி நேரத்தில் காலாவதி. முதல் லாகினிலேயே சொந்தப் பாஸ்வேர்டு வைக்காமல் வேறு எந்தத் திரையும் திறக்கக் கூடாது. யார் யாருக்கு எப்போது ரீசெட் செய்தார் என்பது யாராலும் அழிக்க முடியாத லாக் டேபிளில் ஒரு வரி. மேனேஜர் கிளார்க்காக உள்ளே புகுந்து பில்லைத் திருத்த நினைத்தால் அந்த வரி இல்லாமல் முடியாது, அடுத்த நாள் கிளார்க்குக்குத் தன் பாஸ்வேர்டு ஏறாமல் போவதும் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மேனேஜரே மறந்தால்? இரண்டு அட்மின் இருக்க வேண்டும். இரண்டாவது அட்மினின் பாஸ்வேர்டைப் பிரின்ட் எடுத்து உறையில் போட்டு ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டு ஆபீஸ் லாக்கரில் வைப்பது பழங்கால வழி. நன்றாக வேலை செய்கிறது.

தப்பாக அடித்தால் லாக் ஆவதிலும் நிதானம் வேண்டும். ஐந்து முறை தப்பானால் ஒரு நிமிடம், மீண்டும் தப்பானால் இரண்டு, நான்கு என்று காத்திருப்பைக் கூட்டி 15 நிமிடத்தில் நிறுத்துங்கள். ஒரேயடியாகப் பூட்டிவிட்டால், கோபத்தில் இருக்கும் பக்கத்து சீட்டுக்காரர் வேண்டுமென்றே தப்பாக அடித்து ரிட்டர்ன் நாளில் கணக்குப்பிள்ளையை வெளியே நிறுத்திவிடலாம்.

டேபிளுக்கு வெளியே ஒழுகுவது

டேபிளைச் சரிசெய்தாலும் பாஸ்வேர்டு வேறு வழியில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும். டீபக் செய்யப் படிவத்தில் வந்ததையெல்லாம் லாக் கோப்பில் எழுதும் ஒரு வரியைப் போட்டுவிட்டு எடுக்க மறப்பது சாதாரணம். ட்விட்டர் 2018-ல் தன் பயனர்கள் எல்லோரையும் பாஸ்வேர்டு மாற்றிக்கொள்ளச் சொன்னதும் இப்படி உள் லாக்கில் பதிவானதால்தான். அவர்களும் பிக்ரிப்ட் போட்டிருந்தவர்களே. படிவம் கெட் முறையில் போனால் பாஸ்வேர்டு முகவரியோடு பிரவுசர் ஹிஸ்டரியிலும் வெப் சர்வரான அப்பாச்சியின் லாக்கிலும் நிற்கும். புது ஊழியரின் பாஸ்வேர்டை ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் போடுவது பற்றி என்ன சொல்வது.

ஜாம்ப்பில் ரூட் யூசருக்குப் பாஸ்வேர்டே இல்லாமல் வரும். புரோகிராமுக்குத் தனி யூசர் உருவாக்கி, அந்த ஒரு டேட்டாபேஸுக்கு வேண்டிய அனுமதியை மட்டும் கொடுங்கள். பேக்கப்பை 7-ஜிப்பில் ஏஇஎஸ்-256 பாஸ்வேர்டோடு சுருக்கிப் பென்டிரைவில் போடுங்கள். ஹேஷை பிரவுசரில் செய்து சர்வருக்கு அனுப்பும் யோசனையை விட்டுவிடுங்கள். அப்போது ஹேஷே பாஸ்வேர்டாகிவிடும், டேபிளைத் திருடியவன் அதையே அனுப்பி உள்ளே வருவான். பெப்பர் என்று ஒரு ரகசியச் சாவியை டேட்டாபேஸுக்கு வெளியே வைத்துக் கலக்கும் முறையும் உண்டு. நல்லதுதான், ஆனால் விண்டோஸ் ரீஇன்ஸ்டால் செய்யும்போது அந்தக் கோப்பு போனால் எல்லோர் லாகினும் போகும். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள ஆள் இல்லாத ஆபீசில் வேண்டாம்.

ஆக்ஸஸ் வைத்திருப்பவர்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. பொது ஃபோல்டரில் கிடக்கும் ஆக்ஸஸ் கோப்பைத் திறந்து எழுத எல்லா ஊழியருக்கும் விண்டோஸ் அனுமதி இருந்தே தீர வேண்டும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு திறந்தால், தனியாகத் தடுத்து வைக்காத வரை, லாகின் திரையே வராது. டேபிளுக்குப் போய் முதலாளியின் ஹேஷ் இருக்கும் இடத்தில் தன் ஹேஷை ஒட்டிவிட்டு முதலாளியாக உள்ளே வரலாம். கோப்புக்கே பாஸ்வேர்டு போட்டாலும், லிங்க்டு டேபிளாக இணைத்திருந்தால் அந்தப் பாஸ்வேர்டு ஃப்ரன்ட்எண்டின் சிஸ்டம் டேபிளில் படிக்கிற வடிவிலேயே கிடக்கும். இங்கே ஹேஷ் ஊழியர்களின் பாஸ்வேர்டைக் காக்கும், கணக்கைக் காக்காது. கணக்கையும் காக்க வேண்டும் என்றால் டேபிள்களை எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் அல்லது மைஎஸ்க்யூஎல்லுக்கு மாற்றி, ஆக்ஸஸை முன்திரையாக மட்டும் வைத்து, யூசர் டேபிளில் நேரடியாகக் கை வைக்க முடியாதபடி சர்வரிலேயே அனுமதியைக் குறைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் சோதிக்க அரை மணி நேரம் போதும். இரண்டு சோதனை யூசர்களுக்கு ஒரே பாஸ்வேர்டு கொடுங்கள். டேபிளில் இரண்டு ஹேஷும் வேறாக இருக்க வேண்டும். ஒற்றை மேற்கோள்குறி உள்ள பாஸ்வேர்டு, இடைவெளியில் முடிவது, தமிழில் ஒன்று, 80 எழுத்தில் ஒன்று என்று வைத்துப் பாருங்கள். கடைசியானதைப் படிவம் மறுக்க வேண்டும், மற்றவை அடித்தபடியே ஏற வேண்டும். ஒரு எழுத்தை மட்டும் பெரிதாக்கி அடித்தால் ஏறக் கூடாது. பிறகு வேறு எங்கும் வராத ஒரு சொல்லைப் பாஸ்வேர்டாக வைத்து லாகின் செய்து, தப்பாகவும் ஒருமுறை அடித்து, ரீசெட்டும் செய்துவிட்டு, டேட்டாபேஸின் முழு டம்ப்பையும் அப்பாச்சி, பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் லாக்குகளையும் நோட்பேட்++-ல் திறந்து அந்தச் சொல்லைத் தேடுங்கள். ஒரு இடத்தில்கூட வரக் கூடாது. வந்தால், எந்தக் கோப்பில் வந்ததோ அதை எழுதுகிற வரியைப் பிடித்து எடுத்துவிட்டு மறுபடி தேடுங்கள்.